பலத்தீனோ எழுத்தும் எமது பிள்ளைகளின் தமிழும்

புலம்பெயர்ந்த நாடுகளில் வெளிவரும் தமிழ்ப் பள்ளி விழா மலர்களைப் புரட்டிப் பார்ப்போமாயின், பிள்ளைகள் வீட்டிலே தமிழ் பேசுவதில்லை என்பது பற்றியும், பாடநூற் சொற்கள் கடினமானவை என்பது பற்றியும், லகர ளகர ழகர வேறுபாடு பற்றியும் கட்டுரைகள் நிறையவே காணப்படும். அவை எழுதப்பட வேண்டியவையே. எனினும், அந்தத் தமிழ் எத்தகைய உருவிற் பிள்ளையின் கண்முன் வைக்கப்படுகின்றது என்னும் வினா எழுப்பப்படுவது மிக அரிது. பாடத்தாளில் அச்சாகும் எழுத்தின் வடிவம் அச்சகத்தாருக்கும் கணினி அறிந்தோருக்கும் உரிய விடயமென்று ஒதுக்கப்பட்டுவிட்டது. அது ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் உரிய விடயம் என்பதே எமது கருத்து. இக்கருத்தை விளக்குவதற்கு, நாம் வாழும் இந்நாட்டிலே வேர்கொண்ட ஓர் இலத்தீன் அச்செழுத்தை எடுத்துக்கொள்கின்றோம். அதன் பெயர் ‘பலத்தீனோ’.

இந்நாட்டில் வந்திறங்கியவுடன் நம்மவர் முதலிற் கற்றுக்கொள்ளும் சொல் ‘கிராட்சியே’ என்பதாகும். நன்றி எனப் பொருள்படும் அச்சொல்லுக்கு அச்சுத்தொழிலில் வேறொரு பொருளும் உண்டு. இலத்தீன் எழுத்துகளின் கோடுகள் முடியும் இடத்திலே, தூணுக்கு அடிப்பீடம் வைத்தாற்போலச் சிறு குறுக்குக்கோடு அமைந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஆங்கிலத்தில் ‘செரிஃப்’ எனப்படும் அதனை இத்தாலியர் ‘கிராட்சியே’ என்றே அழைப்பர். நளினங்கள் என்று தமிழிற் கூறலாம். அந்நளினங்கள் இன்றி எங்கும் ஒரே தடிப்பாக அமைந்த எழுத்துக்கு ‘பஸ்தோனி’ என்று பெயர். தடிகள் என்பது அதன் பொருள். விமான நிலையத்து அறிவித்தல்கள் தடியெழுத்தில் அமைவது வழக்கம். தூரத்திலிருந்து விரைந்து வாசிப்பதற்கு அது உகந்தது. அதிலே குறை காண்பதற்கு ஒன்றுமில்லை.

நளினமுள்ள எழுத்துகளுள்ளும் இருவகைக் குணங்கள் உள. சில, அளவுகோலும் கவராயமும் கொண்டு வரையப்பட்டன போல விறைப்பாக நிற்பவை. பார்மா நகரத்துப் பொதோனி (1740 - 1813) அமைத்த எழுத்து அத்தகையது. தடித்த கோடு மிகத் தடிப்பாகவும், மெல்லிய கோடு மயிரிழை போலவும் இருக்கும். கம்பீரமானது, ஆனால் எவரும் அதனைக் கையால் எழுதியிருப்பார் என்று தோன்றாது. வேறு சில, அகன்ற முனையுள்ள பேனாவைச் சற்றே சாய்த்துப் பிடித்து எழுதிய கையின் அசைவைத் தம்முள்ளே வைத்திருப்பவை. பேனா ஒரு திசையிற் செல்லும்போது கோடு தடிக்கும், திசை திரும்பும்போது மெலியும், மீண்டும் தடிக்கும். பலத்தீனோ இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. பலெர்மோ என்னும் எமது நகரின் பெயரைப் பலத்தீனோவில் அச்சிட்டு அதன் முதலெழுத்தை உற்றுப் பாருங்கள். மேலே வளைந்துவரும் வயிறு, தண்டை வந்து தொடாமல், சிறிதே இடைவெளி விட்டு நின்றுவிடும். எழுதுகின்றவர் பேனாவை அந்த இடத்திலே தூக்கிவிட்டார் போலும்! உலோகத்தில் வெட்டி வார்த்த எழுத்திலே அந்த இடைவெளியை விட்டுவைக்க வேண்டிய தேவை இல்லை. வேண்டுமென்றே விடப்பட்டது அது.

இந்த எழுத்துக்குப் பெயரைத் தந்த மனிதர் எமக்கு அயலூரவர் என்றே சொல்லலாம். மெசினா நீரிணைக்கு அப்பால், கலாபிரியாவில், அயோனியக் கடலோரமாக உள்ள ரொசானோ என்னும் ஊரிலே 1515ஆம் ஆண்டளவிற் பிறந்தவர் ஜொவான்னி பத்திஸ்தா பலத்தீனோ. (ஊதாநிறத் தோலிலே வெள்ளி மையால் எழுதப்பட்ட ஆறாம் நூற்றாண்டுக் கிரேக்க நற்செய்திப் பிரதியொன்று இன்றும் பாதுகாக்கப்படுகின்ற ஊரும் இதுவே. எழுத்தழகு அந்த மண்ணுக்குப் புதிதன்று.) அவர் உரோமாபுரி சென்று எழுத்துக்கலை ஆசிரியராகப் புகழ் பெற்று, 1540ஆம் ஆண்டு எழுதக் கற்பிக்கும் நூலொன்றை அங்கே வெளியிட்டார். திருச்சபை அலுவலகங்களில் வழங்கிய சாய்வான கையெழுத்து முதலாகப் பலவகை எழுத்து முறைகளும், பிறமொழி நெடுங்கணக்குகள் சிலவும், எழுதுகருவிகளின் படமும் அந்நூலில் இடம்பெற்றன. அச்சியந்திரம் இத்தாலிக்கு வந்து முக்கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே இந்நூல் வெளிவந்தது என்பது கவனிக்கத்தக்கது. சுபியாகோ மடத்தில் 1465இல் அச்சு தொடங்கிற்று. வெனிஸ் நகரில் அல்தோ மனூட்சியோ 1501இல் கையெழுத்தைப் போன்ற சாய்வெழுத்திலே நூல்களை அச்சிட்டார். அச்சு வந்துவிட்டது, இனிக் கையெழுத்து எதற்கு என்று அக்காலத்தவர் கேட்கவில்லை. அச்சு கையிடமிருந்து கற்றுக்கொண்டது. கை அச்சிலே ஏறி மாணவரைத் தேடிச் சென்றது.

நானூறு ஆண்டுகள் கழிந்து அவர் பெயரைத் தம் எழுத்துக்குச் சூட்டியவர் ஹேர்மன் ஸாப்ஃ என்னும் ஜேர்மானியர். இவருடைய வரலாற்றை எம்மவர் அறிந்திருத்தல் நன்று. 1918 நவம்பர் 8ஆம் திகதி நியூரம்பேர்க் நகரிற் பிறந்த இவர், மின்பொறியியல் படிக்க விரும்பினார். தந்தையார் தொழிற்சங்கத்தில் ஈடுபாடு கொண்டிருந்தவர். 1933இல் நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் அவர் வேலையை இழந்தார், சிலகாலம் தடுப்பு முகாமிலும் வைக்கப்பட்டார். மகனுக்குத் தொழில்நுட்பக் கல்லூரியின் கதவு மூடப்பட்டது. தரப்படுத்தல் என்னும் சொல்லைக் கேட்டே வளர்ந்த எமக்கு இதற்கு மேலும் விளக்கம் வேண்டியதில்லை. ஸாப்ஃ அச்சுப்படங்களைச் செப்பனிடும் தொழிலைப் பழகச் சென்றார். 1935இல் ருடோல்ஃப் கொக் என்னும் எழுத்துக்கலைஞரின் கண்காட்சியைக் கண்டார். கொக் எழுதிய நூலையும் எட்வேட் ஜோன்ஸ்ரன் என்பாரின் நூலையும் வாங்கி, ஆசிரியர் எவருமின்றி, அகன்ற முனைப் பேனாவால் வீட்டிலிருந்தே எழுதிப் பழகினார்.

போர் முடிந்தபின் பிராங்பேர்ட் நகரில் ஸ்ரெம்பல் எழுத்து வார்ப்பகத்திற் பணிசெய்த காலத்திலே, 1948ஆம் ஆண்டளவில், பலத்தீனோவை வரையத் தொடங்கினார். 1950இல் அது வெளிவந்தது. ஸாப்ஃ தாளிலே வரைந்ததை உலோகத்தில் வெட்டியவர் ஓகஸ்ட் றோசன்பேர்கர் என்னும் முதிய கைவினைஞர். இருவரும் இணைந்து முன்னர் உருவாக்கிய எழுத்து மாதிரி நூலொன்றின் பெயர் ‘இறகும் உளியும்’ எனப் பொருள்படும். ஒருவர் கை எழுதிற்று, மற்றவர் கை வெட்டிற்று. எழுத்தாணியைப் பற்றிக் கேள்விப்பட்ட எமக்கு இவ்விரு தொழிலும் ஒன்றாகவே நடந்தமை நினைவுக்கு வரலாம். ஓலையிலே எழுதுவதும் வெட்டுவதுதானே.

பலத்தீனோவின் உறுதி அழகுக்காக மாத்திரம் வந்ததன்று. போரினாற் சிதைந்த ஜேர்மனியிலே அக்காலத்துக் கடதாசி தரங்குறைந்தது, மையை உறிஞ்சிக்கொள்ளும். மெல்லிய கோடு அதில் மறைந்துபோகும். எழுத்துகளின் உள்வெளி நிரம்பி அடைபட்டுவிடும். ஆகவே மெல்லிய கோட்டையும் ஓரளவு திடமாக அமைத்து, உள்வெளிகளை அகலத் திறந்துவைத்தார். அகன்றிருப்பதால் இடத்தைச் சற்று அதிகமாகவே எடுத்துக்கொள்ளும். முதலிலே தலைப்புகளுக்கும் சிறு அச்சுவேலைகளுக்குமே அது கருதப்பட்டது. நீண்ட நூல்களின் உடற்பகுதிக்கென ‘ஆல்டஸ்’ என்னும் மெலிந்த தங்கையை 1954இல் படைத்தார். வெனிஸ் அல்தோவின் பெயரே அதற்கு இடப்பட்டது. ஆயினும் வாசகர்கள் மூத்தவளையே விரும்பினர். 1980களில் கணினி அச்சு வந்தபோது, லேசர் அச்சுப்பொறிகளுடன் சேர்த்துக் கொடுக்கப்பட்ட எழுத்துருக்களுள் பலத்தீனோவும் ஒன்றாயிற்று. கவிதை நூல், அழைப்பிதழ், சான்றிதழ், நினைவுரை என, நிதானமாக வாசிக்கப்பட வேண்டியவற்றுக்கு அது நன்கு பொருந்தும். கட்டணச் சிட்டைக்கும் எச்சரிக்கைப் பலகைக்கும் பொருந்தாது. கைப்பேசித் திரையில் மிகச் சிறிதாக அமைத்தாலும் அதன் குணம் தெரியாது போய்விடும்.

புகழ் வந்தால் போலியும் வரும். இதனைப் போன்று வரையப்பட்ட ‘புக் அன்டிக்குவா’ என்னும் எழுத்துரு கோடிக்கணக்கான கணினிகளுக்குச் சென்றது. எழுத்துக் களவைத் தடுக்க வேண்டிய சங்கத்தின் முக்கிய உறுப்பினர்களே அதற்குத் துணைபோகின்றனர் என்று மனங்கசந்து, 1993இல் ஸாப்ஃ சர்வதேச அச்செழுத்துச் சங்கத்திலிருந்து விலகினார். உரிமை பெற்ற பலத்தீனோ பின்னர் ‘விண்டோஸ் 2000’ உடன் வெளிவந்தது. 2015ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் திகதி தமது தொண்ணூற்றாறாவது வயதில் அவர் காலமானார். தமிழ் எழுத்துருக்களைப் பொறுத்தவரையில், ஒருவர் கண்விழித்து வரைந்ததை மற்றவர் பெயர் மாற்றி வழங்குவது எம்மிடையே களவாகக் கருதப்படுவதே இல்லை. எமது பாடத்தாள்களிலுள்ள எழுத்தை வரைந்தவர் யார் என்று எத்தனை பேர் கேட்டிருக்கின்றோம்?

இனி எமது எழுத்துக்கு வருவோம்.

தமிழுக்கு இலத்தீனைப் போன்ற அடிக்கட்டு இல்லை. தேவநாகரியைப் போன்ற தலைக்கட்டும் இல்லை. எமது எழுத்தின் உயிர் வளைவிலும், கோடு தடித்து மெலியும் ஓட்டத்திலுமே உள்ளது. பனையோலை எழுத்திலே தடிப்பும் மெலிவும் ஏது, எழுத்தாணியின் கோடு எங்கும் ஒரே அளவுதானே என்று தமிழறிந்த ஒருவர் எம்மை மறுத்துரைக்கலாம். மெய்தான். ஆனால் ஓலையெழுத்திலே கையின் ஓட்டம் வேறொரு வழியாகத் தெரிந்தது. நேர்கோடு ஓலையின் நரம்போடு சென்று அதனைக் கிழித்துவிடும் என்பதால் வளைவுகள் பெருகின. எழுத்தாணியைத் தூக்காமல் ஒரே ஓட்டத்தில் எழுதப் பழகினர். காகிதமும் மைப்பேனாவும் வந்தபின் அதே ஓட்டம் தடிப்பும் மெலிவுமாக வெளிப்பட்டது. இரண்டு காலத்திலும் எழுத்தைப் பார்த்தால் கை தெரிந்தது.

அச்சிலும் அது தொடர்ந்தது. கோவாவில் 1577இலும் கொல்லத்தில் 1578இலும் வார்க்கப்பட்ட எழுத்துகளைக் கொண்டு, பதினாறு பக்கமே உள்ள ‘தம்பிரான் வணக்கம்’ 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சாயிற்று. ரொசானோ பலத்தீனோ மறைந்து மூன்று நான்கு ஆண்டுகளே கழிந்திருந்தன! ஜேர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713இல் தரங்கம்பாடிக்கு வந்தன. அவை பெரிதாயிருந்தமையால் அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்து, 1715இல் புதிய ஏற்பாட்டை முற்றாக அச்சிட்டனர். காகிதத் தட்டுப்பாடு எழுத்தின் அளவைக் குறைத்த கதை இது. எமது ஊரிலே, ஆறுமுக நாவலர் 1849இல் தமிழகம் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். பாலபாடங்களைத் தாமே எழுதித் தாமே பிழைதிருத்தி அச்சிடுவித்த அப்பெருமகனாருக்கு, பாடம் ஒரு வேலை, அச்சு இன்னொரு வேலை என்ற பிரிவினை இருக்கவில்லை. பழைய ஈய எழுத்துப் புத்தகம் எதனையாவது எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியிற் பாருங்கள். ஒவ்வொரு வளைவும் தடித்து மெலிந்து ஓடக் காண்பீர்கள்.

இத்தாலிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மந்துவாவுக்கு அணித்தான காஸ்திலியோனே என்னும் ஊரிலே 1680இற் பிறந்த பெஸ்கி பாதிரியார், எமக்கு வீரமாமுனிவர். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் புள்ளியால் மாத்திரம் வேறுபட்டிருந்த காலம் அது. புள்ளி குத்தினால் ஓலை பொத்தலாகும் என்று எழுதுவோர் அதனையும் விட்டுவிடுவர். குறிலா நெடிலா என்பது வாசிப்பவர் தலையிலே விழும். ஏகாரத்துக்குக் கீழிழுப்பும் ஓகாரத்துக்குச் சுழியும் தந்து அவ்விடரைத் தீர்த்தவர் அவரே என்பர். எழுத்தின் சிறு வளைவொன்று மாணவனுக்கு எத்துணைப் பெரிய உதவி என்பதை உணர்ந்த ஆசிரியர் அவர்.

இன்று எமது பிள்ளையின் கையிற் கிடைப்பது என்ன? கணினியைத் திறந்தவுடன் எந்த எழுத்துரு முன்னே நிற்கின்றதோ அதுவே பாடத்தாளாகின்றது. ‘நிர்மலா’ போன்றவை திரையிலே பொத்தான்களையும் பட்டியல்களையும் தெளிவாகக் காட்டுவதற்கென வரையப்பட்ட நல்ல எழுத்துருக்கள், பஸ்தோனி வகையின. அவற்றிலே ஒரு முழுக் கதையை அச்சிட்டால், பக்கம் நிறைய ஒரே தடிப்புள்ள வளையங்கள் தெரியும். இன்னும் பலர் ‘பாமினி’யையே கைவிடாதுள்ளனர். எம்மவருக்குத் தொண்ணூறுகளில் அது செய்த தொண்டு பெரிது; இதழ்களும் மலர்களும் அதனாலேயே சாத்தியமாயின. ஆனால் அதில் தமிழ் எழுத்து இலத்தீன் எழுத்தின் இடத்திலே ஒளிந்திருப்பதால், கோப்பு வேறு கணினிக்குப் போனால் தமிழ் மறைந்து குப்பை எஞ்சுகின்றது. பழைய வழக்கப்படி ‘ரி’ என்பதன் ரகரத்தைக் கால் இழுக்காமல், அரவு போலத் தட்டச்சிடுவோரும் உளர். ஊரிலே வளர்ந்த கண்ணுக்கு அது தொல்லையன்று. இங்கே பிறந்த எட்டு வயதுப் பிள்ளைக்கு, ரகரமும் அரவும் ஒன்றா வேறா என்னும் மயக்கம் அங்கிருந்தே தொடங்குகின்றது.

இதே பிள்ளை இத்தாலியப் பள்ளியின் முதலாம் வகுப்பிலே எதைக் கற்கின்றது என்று பாருங்கள். அச்சு வடிவப் பேரெழுத்து, அச்சு வடிவச் சிற்றெழுத்து, தொடர்கையெழுத்துப் பேரெழுத்து, தொடர்கையெழுத்துச் சிற்றெழுத்து என ஒரே எழுத்தின் நான்கு உருவங்களையும் பயில்கின்றது. எழுத்தென்பது கையால் ஓடி வருவது, அச்சிலே ஓர் உருவமும் கையிலே ஓர் உருவமும் கொள்வது என்பது அதற்கு ஆறு வயதிலேயே தெரியும். சனிக்கிழமை பிற்பகல் எம்மிடம் வரும்போது, ஒரே தடிப்பான வளையங்கள் கொண்ட தாளொன்றை நீட்டுகின்றோம். பிள்ளை அதனை எழுதுவதில்லை, வரைகின்றது. ணகரத்துக்கு மூன்று வளையங்களைத் தனித்தனியே போட்டு, பிறகு கம்பியால் இணைப்பது போலக் கோடிழுக்கின்றது. டகரத்தைக் கீழிருந்து தொடங்குகின்றது. விளைவைப் பார்த்தால் பிழையில்லை, ஆனால் ஒரு வரி எழுதக் கால் மணித்தியாலம் செல்கின்றது. களைத்துவிடுகின்றது. பன்னிரண்டு வயதிலே, தமிழ் எழுதுவது கடினம் என்று கூறி நின்றுவிடுகின்றது. பேச்சு வராமையால் நின்றவர்களைப் பற்றியே கவலைப்படுகின்றோம். கை வராமையால் நின்றவர்கள் எத்தனை பேர்?

விசயதசமியன்று ஏடு தொடக்கும்போது நாம் என்ன செய்கின்றோம்? பரப்பிய பச்சையரிசியிலே பிள்ளையின் விரலைப் பிடித்து அகரத்தை எழுதுவிக்கின்றோம். எழுத்து முதன்முதலாகப் பிள்ளைக்கு வருவது உருவமாக அன்று, அசைவாக. தொடக்கம், திரும்பும் இடம், முடிவு மூன்றையும் விரல் அறிகின்றது. அதற்கடுத்த நாளிலிருந்து அந்த அசைவைக் காட்டாத தாளைக் கொடுப்பது முறையாகுமா?

சென்ற தவணையிலே எமது வகுப்பில் ஒரு சிறு பயிற்சி நடத்தினோம். இரண்டு பென்சில்களை அருகருகே வைத்து றப்பர் வளையத்தாற் கட்டிப் பிள்ளைகளிடம் கொடுத்தோம். மேற்கூறிய ஜோன்ஸ்ரன் வழி வந்த ஆசிரியர்கள் கையாளும் முறை இது. இரு முனைகளும் சேர்ந்து அகன்ற பேனாவைப் போலத் தொழிற்படும்; தடிப்பும் மெலிவும் தாமாகவே தோன்றும். பென்சில்களைத் திருப்பாமல் எழுத வேண்டும் என்பது ஒன்றே விதி. முதற் பத்து நிமிடம் சிரிப்பும் கூச்சலுந்தான். பிறகு வகுப்பு அமைதியாயிற்று. “சேர், ‘ண’ ஒரே இழுப்பிலை வந்திட்டுது” என்றாள் ஒரு சிறுமி. அவள் அதுவரை மூன்று வளையம் போட்டவள். கரும்பலகையிலும் இதனைக் காட்டலாம்: வெண்கட்டியைச் சிறிதாக முறித்துப் படுக்கையாகப் பிடித்து எழுதினாற் போதும்.

ஆரம்ப வகுப்புக்குச் சிக்கலில்லாத ஒரே தடிப்புள்ள எழுத்தே நல்லது, தடிப்பும் மெலிவும் பிள்ளையைக் குழப்பும் என்று பெற்றோர் சிலர் கருதுவர். புள்ளிக்கோட்டின் மேல் எழுதிப் பழகும் தாளைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. பந்துமுனைப் பேனாவைப் பிடித்த பிள்ளைக்கு அந்தப் பேனாவின் கோட்டையே காட்ட வேண்டும்; தொடங்கும் இடத்துக்கும் திரும்பும் இடத்துக்கும் அம்புக்குறி இட வேண்டும். நாம் கூறுவது வாசிப்புத் தாளைப் பற்றி. கதை, பாட்டு, நாடகம், பேச்சுப்போட்டிக் கட்டுரை என்பவற்றைப் பற்றி. ஒரு பக்கத்தை நிதானமாக வாசிக்க வேண்டிய இடங்களில், பேனாவின் ஓட்டம் தெரியும் எழுத்தே கண்ணை வரி வழியே கொண்டு செல்லும். வகரமும் லகரமும், ளகரமும் னகரமும் தம் தடிப்பாலும் வேறுபட்டு நிற்கும். ‘நோட்டோ செரிஃப் தமிழ்’ என்னும் எழுத்துரு இத்தகையது, எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்த உரிமை தரப்பட்டது, ஒருங்குறியில் அமைந்தது.

ஆனால் ஸாப்ஃ கற்றுத்தந்த பாடத்தை மறக்கலாகாது. எமது தாள்கள் பெரும்பாலும் மூலப்பிரதியின் பிரதிக்குப் பிரதி. நான்காம் பிரதியிலே மெல்லிய கோடு மறைந்து, மகரம் பகரமாகிப் பிள்ளைகளிடம் வந்து சேரும். மயிரிழைக் கோடுள்ள அலங்கார எழுத்துருக்கள், அவை எவ்வளவு அழகாயினும், பாடத்தாளுக்கு ஆகா. மெல்லிய கோடும் திடமாக, உள்வெளி திறந்ததாக உள்ளதையே தேர்தல் வேண்டும். தேர்ந்தபின் அதே தாளை நான்கு முறை பிரதி எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நன்று. இன்னொன்று: இலத்தீனுக்குப் போதுமான வரியிடைவெளி தமிழுக்குப் போதாது. மேலே கொம்பும் விசிறியும், கீழே ஊகாரச் சுழியும் முட்டிக்கொள்ளும். சிறுவருக்கான தாளில் வரிகளை ஒன்றரை மடங்காவது விலக்கிவைக்க வேண்டும்.

பல எழுத்துகள் அருகருகே வாழ்வது இந்நகருக்குப் பழகிய செய்தி. மெஸ்கீத்தா சதுக்கத்தை அண்டிய தெருக்களின் பெயர்ப்பலகைகளில் இத்தாலியம், எபிரேயம், அரபு ஆகிய மூன்றையும் காணலாம். ஸீசா மாளிகைக்குச் சென்றோர் ஆங்கே ஒரு கல்லைக் கண்டிருப்பர். 1149ஆம் ஆண்டு கிறிசாந்துஸ் என்னும் குருவானவர் தம் தாயார் அன்னாவின் நினைவாக வைத்தது. ஒரே செய்தி நான்கு பகுதிகளாக வெட்டப்பட்டுள்ளது: இலத்தீன், கிரேக்கம், அரபு, எபிரேய எழுத்தில் எழுதிய அரபு. ஒவ்வொன்றும் அந்தந்தச் சமூகத்தின் ஆண்டுக் கணக்கையே தருகின்றது. நான்கில் எதுவும் மற்றதன் சாயலில் வெட்டப்படவில்லை. ஒவ்வோர் எழுத்தும் தன் இயல்பிலே நிற்கின்றது.

தாயின் நினைவைக் கல்லிலே வெட்டிய அந்த மகனின் செயலை எம்மவர் நன்கு விளங்கிக்கொள்வர். முப்பத்தோராம் நாளிலே நாம் வெளியிடும் நினைவு மலருக்குக் ‘கல்வெட்டு’ என்றே பெயர் வைத்திருக்கின்றோம். கல் அங்கில்லை, கடதாசியே உள்ளது, பெயரிலே கல் தங்கிவிட்டது. அந்தக் கல்வெட்டிலே பேரப்பிள்ளைகளுக்காக இப்போது இத்தாலியப் பக்கமும் சேர்க்கப்படுகின்றது. இத்தாலியப் பக்கம் நல்ல நளினமுள்ள எழுத்திலும், தேவாரமும் புலம்பலும் அறிவித்தற் பலகை எழுத்திலும் வெளிவரும்போது, பேரப்பிள்ளை தன் கண்ணால் ஒரு முடிவுக்கு வருகின்றது: இந்த மொழி அழகானது, அந்த மொழி ஏதோ வீட்டுச் சாமான் பட்டியல். அம்முடிவை எவரும் வாயாற் சொல்லிக் கொடுக்கவில்லை. தாள் சொல்லிக் கொடுத்தது.

இவ்வாண்டு வழங்கப்படும் சான்றிதழ்களிலிருந்தே தொடங்கலாம். இத்தாலியப் பகுதியைப் பலத்தீனோவில் அமைத்தால், தமிழ்ப் பகுதியை அதற்கு இணையாகத் தடித்து மெலியும் எழுத்தில் அமைக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவெண்ணைக் கொடுத்தால் அவை ஒரே பருமனாகத் தோன்றுவதில்லை. எண்ணை நம்பாமல், ககரத்தையும் இலத்தீன் சிற்றெழுத்தையும் பக்கத்திற் பக்கமாக அச்சிட்டுக் கண்ணாற் பார்த்துச் சரிசெய்யும்படி அச்சகத்தாரிடம் கேட்கலாம். தமிழை மேலே வைப்பதா இத்தாலியத்தை மேலே வைப்பதா என்று நிருவாகக் கூட்டத்திலே வாதாடுவதற்குச் செலவாகும் நேரத்தில் இதனைச் செய்து முடித்துவிடலாம். மாணவரின் பெயரை மாத்திரம் அச்சிடாது வெறுமையாக விட்டுவிட்டு, கடையிலே இரண்டு யூரோவுக்குக் கிடைக்கும் அகன்ற முனைப் பேனாவால், வகுப்பாசிரியர் தம் கையாலேயே இரு மொழியிலும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது எமது வேண்டுகோள். வகுப்புக்கு இருபது பெயர் என்றால் ஒரு மாலைப்பொழுது போதும்.